பாம்புக்கடி நோட்டில் 163 பேர்: இதைக் கட்டுரையாக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தாலுகா டியூட்டி டாக்டர்

வணக்கம். வட தமிழ்நாட்டில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் உதவி மருத்துவராக இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து ஏழு வருடம் ஆகிறது. மேற்படிப்புக்குப் போகவில்லை, அதனால் தீசிஸ் எழுதிப் பழக்கமில்லை. எங்களிடம் ஐ.சி.யூ. இல்லை, டயாலிசிஸ் இல்லை, ராத்திரியில் லேபும் இல்லை. ஆனால் பாம்புக்கடி மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஐப்பசியில் கடலைக்கொடி பிடுங்கும்போது கையில் கடிபட்டு வருவார்கள். ராத்திரி நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச வரப்பில் போனவர்களுக்குப் பாதத்தில் இருக்கும். தரையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் விடியற்காலை வயிற்றுவலி என்று வருவார்கள். கடித்த தடமே இருக்காது. கண் இமை தொங்க ஆரம்பித்த பிறகுதான் கட்டுவிரியன் என்று நமக்குப் புரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்திலிருந்து 200 பக்க நோட்டு ஒன்றில் என் டியூட்டியில் வரும் ஒவ்வொரு பாம்புக்கடியையும் எழுதி வருகிறேன். பெயர், வயது, ஊர், கடித்த நேரம், வந்து சேர்ந்த நேரம், முதலில் எங்கே போனார்கள், துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்களா, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் என்ன வந்தது, எத்தனை வயல் (குப்பி) ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறி மருந்து) போட்டோம், ஒவ்வாமை வந்ததா, மேலே அனுப்பினோமா, பிழைத்தாரா. இன்று வரை 163 பேர்.

கட்டுரை எழுதவேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கியதில்லை அது. எண்ணம் வந்தது ஒரு பையனால். பத்தொன்பது வயது, ராத்திரி பதினொரு மணிக்கு வந்தான். கணுக்காலுக்கு மேலே இரண்டு கீறல். வீக்கம் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை. இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசையாமல் இருபது நிமிடம் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்த்தேன். தண்ணீராக ஓடியது. உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விதிப்படி 10 வயல் ஏ.எஸ்.வி. தொடங்கினேன். மூன்றாவது வயல் அளவுக்கு உள்ளே போயிருக்கும், உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, பி.பி. 70க்கு இறங்கிவிட்டது. தொடையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் போட்டு, சலைன் ஓடவிட்டு, விடிய விடிய பக்கத்திலேயே நின்றேன். பிழைத்துக்கொண்டான். காலையில் அவன் அண்ணன் யூரியா சாக்கில் பாம்பை எடுத்து வந்தார். பார்த்தவுடனே தெரிந்தது, சாரை.

அன்றைக்கு டியூட்டி முடிந்து பின்பக்கம் போனபோது, பணியாளர் அக்கா சோதனைக் குழாய்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். “சோப்புத்தூள் போட்டுத்தான் மேடம், பளிச்சுனு இருக்கு பாருங்க” என்றார். அக்காவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்படிக் கழுவக்கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு குழாயை எடுத்துக்கொண்டு போனேன். கடைத்தெருவில் புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கினேன். சிஸ்டரிடம் கையை நீட்டி என் ரத்தத்தையே இரண்டிலும் இரண்டிரண்டு மில்லி விடச் சொன்னேன். இருபது நிமிடம் கழித்துப் புதுக் குழாயில் நொங்கு மாதிரி கெட்டியாக நின்றது. சோப்பில் கழுவியதில் ஓடியது. எனக்குப் பாம்பு கடிக்கவில்லை.

சீஃப் டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே புதுக் குழாய்களுக்கு இண்டென்ட் (ஸ்டோருக்கான கோரிக்கைச் சீட்டு) போட்டார். ஒரு குழாய் ஒரு தடவைதான் என்று விதி வைத்தோம். அதற்குப் பிறகு நோட்டில் ‘உறையவில்லை’ என்று எழுதுவது குறைந்த மாதிரி எனக்குப் படுகிறது. ‘படுகிறது’ என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் தவிப்பு. ஏனென்றால் சோப்புத்தூளில் குழாய் கழுவுவது எங்கள் ஊரில் மட்டுமா நடக்கும்?

வெளியூர் சீனியர் ஒருவரிடம் கேட்டதற்கு, ஆராய்ச்சியெல்லாம் மெடிக்கல் காலேஜ் வேலை, நமக்கு எதற்கு என்றார். இன்னொரு பக்கம், ஐந்து நாளில் போட்டுத் தருகிறோம் என்று ஏதேதோ இதழ்களிலிருந்து மெயில் வருகிறது. என் நோட்டில் இருப்பது ஆய்வாகுமா? எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வேண்டுமா? எங்கள் மருத்துவமனையில் அப்படி ஒரு குழுவே கிடையாது. எங்கிருந்து தொடங்க?

பதில் 1: ஓய்வுபெற்ற பி.எஸ்.எம். (சமூக மருத்துவம்) வாத்தியார்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். முப்பது வருடம் மாணவர்களிடம் “உன் கேள்வி என்ன?” என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தவன் நான். நீங்கள் கேள்வியோடு வந்திருக்கிறீர்கள்.

163 பேரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று உட்கார்ந்தீர்களானால் வயது, ஆண் பெண், கையா காலா, எந்த மாதம் என்று அட்டவணைதான் வரும். அந்த மாதிரிக் கட்டுரைகள் நம் நாட்டில் ஏராளம். அதை விட்டுவிடுங்கள். உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அந்தக் குழாய். ‘ஒரு தாலுகா மருத்துவமனையில் கழுவிய குழாயை நிறுத்திப் புதுக் குழாய்க்கு மாறிய பிறகு, உறையவில்லை என்ற முடிவும் ஏ.எஸ்.வி. செலவும் மாறினவா?’ கேள்வி இவ்வளவுதான். ஒரு வரியில் சொல்ல முடிகிறது பாருங்கள். அப்படிச் சொல்ல முடிகிறவரை பேனாவை எடுக்கக்கூடாது.

இதற்கு நோட்டு மட்டும் போதாது. நோட்டில் இருப்பவர்கள் உங்கள் டியூட்டியில் வந்தவர்கள் மட்டும். மற்ற டாக்டர்கள் பார்த்தவர்கள் எங்கே? ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் இருப்பார்கள். பாம்புக்கடிக்கு ஏ.ஆர். போடாமல் நாம் விடுவதில்லை. முதல் வேலையாக அந்தக் காலத்து ஏ.ஆர். பதிவேடுகள் அத்தனையையும் எடுத்து, பாம்புக்கடி என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் எண்ணுங்கள். மொத்தம் அதுதான். அதில் எத்தனை பேருடைய கேஸ் ஷீட் கிடைத்தது, எத்தனை கிடைக்கவில்லை என்பதையும் அப்படியே எழுதவேண்டும்.

அடுத்தது, குழாய் மாறிய தேதி. அது உங்கள் ஞாபகத்தில் இருந்தால் போதாது. ஸ்டோரில் இண்டென்ட் புத்தகம் இருக்கும். குழாய் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் வார்டுக்குக் கொடுத்தார்கள் என்று அதில் கையெழுத்தோடு இருக்கும். உங்கள் ஆய்வின் நடுக்கோடே அந்தத் தேதிதான். ஏ.எஸ்.வி. கையிருப்புப் பதிவேட்டையும் எடுங்கள். நோட்டில் நீங்கள் எழுதிய வயல் எண்ணிக்கையும் அந்தப் பதிவேடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை. ஸ்டோர் பார்மசிஸ்ட்டிடம் உட்கார்ந்து ஒரு டீ சாப்பிடுங்கள். பாதி ஆய்வு அவர் அலமாரியில் இருக்கிறது.

எதற்கு ஆசைப்படக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘கழுவிய குழாய் இத்தனை சதவீதம் தவறாகக் காட்டியது’ என்று உங்களால் எழுத முடியாது. தவறு என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க உரைகல் வேண்டும், அது ஐ.என்.ஆர். என்ற லேப் உறைவுச் சோதனை. ராத்திரியில் உங்களிடம் அது இல்லை. குழாய் மாறிய அதே சமயத்தில் மழைக்காலமும் மாறியிருக்கலாம், புது டாக்டர் வந்திருக்கலாம், நீங்களே கவனமாகியிருக்கலாம். ஆகவே ஒரே மாதங்களை ஒரே மாதங்களோடு ஒப்பிடுங்கள், ஐப்பசியை ஐப்பசியோடு. இதெல்லாம் குறை என்று மறைக்கவேண்டியதில்லை. கட்டுரையிலேயே நீங்களே முதலில் சொல்லிவிட்டால் படிக்கிறவன் உங்களை நம்புவான்.

எதிக்ஸ் கட்டாயம் வேண்டும், அதுவும் கணக்குப் போடத் தொடங்கும் முன்னால். முடித்த பிறகு பின்தேதியிட்டு எந்தக் குழுவும் அனுமதி தராது. தரக்கூடாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில், சொந்தக் குழு இல்லாத நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் குழுவை ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்த இடமிருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறைக்குப் போய் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சீஃப் வழியாக ஜே.டி.க்கு (இணை இயக்குநர்) அனுமதிக் கடிதம் போடுங்கள். பழைய பதிவேடுகளிலிருந்து அடையாளம் நீக்கி எடுக்கும் தகவலுக்கு, ஒவ்வொருவரிடமும் சம்மதப் படிவம் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். விலக்கு கொடுப்பது குழு. நாமே எடுத்துக்கொள்வதல்ல. உங்கள் ரத்தத்தில் செய்து பார்த்ததை முடிவாக எழுதாதீர்கள். அது உங்களுக்குக் கேள்வியைக் கொடுத்தது, அதோடு சரி.

நோட்டில் பெயர் இருக்கிறது என்கிறீர்கள். எக்ஸெலில் ஏற்றும்போது பெயர், ஊர், ஐ.பி. (உள்நோயாளி) எண் மூன்றையும் விட்டுவிட்டு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கட்டும். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. எழுதப்படாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், தயவுசெய்து 0 போட்டு நிரப்பாதீர்கள். ‘ஒவ்வாமை பற்றி எழுதவில்லை’ வேறு, ‘ஒவ்வாமை வரவில்லை’ வேறு. இந்த ஒரு தவறால் பாழான தீசிஸ்களை நான் கை வலிக்கத் திருத்தியிருக்கிறேன்.

சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு இணையத்திலேயே இருக்கிறது. பி.ஜி. மாணவர்கள் கட்டாயத்துக்காகப் படிக்கிறார்கள். உங்களைப் போல் கையில் கேள்வி வைத்திருப்பவர் படித்தால் ஒவ்வொரு பாடமும் ஒட்டும்.

ஆராய்ச்சி மெடிக்கல் காலேஜ் வேலை என்றாரே உங்கள் சீனியர், அவருக்காக ஒன்று. மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் மகாட் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். செந்தேள் கொட்டி வந்தவர்கள் வியர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோவதைப் பார்த்து, படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்து நாடியையும் பி.பி.யையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் 1982இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. பிரசோசின் மாத்திரை கொடுத்துப் பார்த்ததை 1986இல் அதே இதழில் எழுதினார். 2011இல் பி.எம்.ஜே.யில் வந்த அவருடைய ஒப்பீட்டு ஆய்வில் மொத்தம் 70 நோயாளிகள்தான். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் கையில் முதலில் இருந்ததும் ஒரு கடிகாரமும் பி.பி. கருவியும்தான், அம்மா.

பதில் 2: குழந்தைநல டாக்டர், தென் மாவட்டம்

வாத்தியார் சொன்னதற்கு மேல் ஆய்வு முறை பற்றி நான் சேர்க்க எதுவும் இல்லை. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கு மிச்சமாகட்டும்.

மண்ணெண்ணெய் குடித்துவிட்டு வந்த குழந்தைகளைப் பற்றி எழுதினேன். எழுதி முடித்த வாரமே, உங்களுக்கு வந்த மாதிரியே ஒரு மெயில். மரியாதையெல்லாம் பலமாக இருந்தது. 8,000 ரூபாய் கட்டினேன். நான்காம் நாள் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று வந்தது. ஒரு திருத்தம்கூட யாரும் கேட்கவில்லை. அதில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து அந்த இதழின் தளமே திறக்கவில்லை. பணம் போனது பெரிதில்லை. ஒரு தடவை வெளியான கட்டுரையை வேறு நல்ல இதழுக்கு அனுப்ப முடியாது. மூன்று வருட வேலை முடங்கிப்போனது. அந்தக் குழந்தைகளைப் பற்றி நான் பார்த்ததை இன்றைக்கு யார் தேடினாலும் கிடைக்காது.

அதனால் இதழைக் கட்டுரை எழுதும் முன்பே தேர்ந்தெடுங்கள். நீங்கள் இதுவரை படித்துப் பயன்பெற்ற கட்டுரைகள் எந்த இதழில் வந்தவை என்று பாருங்கள், அங்கிருந்து தொடங்குங்கள். 1913இலிருந்து வருகிற இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் போன்றவற்றில் பழைய இதழ்களைப் புரட்டினாலே எந்த நடையில் எழுதுகிறார்கள் என்று பிடிபடும். சந்தாவில் ஓடும் இதழ்களில் பெரும்பாலும் எழுதுகிறவர் பணம் கட்டவேண்டியதில்லை. ‘ஆசிரியருக்குக் கடிதம்’ என்ற பகுதியையும் மறக்காதீர்கள். உங்கள் விஷயம் அதில் அழகாக அடங்கும்.

இரண்டாவது கட்டுரையை நான்காவது இதழ்தான் ஏற்றது. முதல் மூன்றும் திருப்பி அனுப்பின. மொத்தம் பதினான்கு மாதம். ஆனால் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம். “எத்தனை கேஸ் ஷீட் காணாமல் போயின? காணாமல் போனவை இறந்த குழந்தைகளுடையவையா?” என்று கேட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இறந்த குழந்தைகளின் ஷீட்கள் விசாரணைக்காகத் தனி அலமாரியில் இருந்தன. நான் அவற்றைச் சேர்க்கவே இல்லை. திரும்ப எம்.ஆர்.டி.க்கு (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு) போய் எல்லாவற்றையும் எடுத்து முதலிலிருந்து கணக்குப் போட்டேன். நீங்களும் ‘மேலே அனுப்பினோம்’ என்று எழுதிய ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்தே தீரவேண்டும். அனுப்பிய இடத்தில் இறந்தவர்கள் உங்கள் நோட்டில் உயிரோடு இருப்பார்கள்.

இப்படிப்பட்ட பதிவேட்டு ஆய்வை எழுத ஸ்ட்ரோப் என்ற 22 அம்சப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பையன் ஒருவனைப் பற்றி மட்டும் எழுத நினைத்தால் கேர் என்ற 13 அம்சப் பட்டியல், கூடவே அவனுடைய எழுத்துப்பூர்வமான சம்மதம். ஒரே ஆள் என்றால் ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும், சாரைப்பாம்பு என்றாலே போதும்.

பெயர் வரிசை. இதை இப்போதே பேசிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். என் கட்டுரை தயாரான பிறகு, ஒரு எழுத்துக்கூடப் படிக்காத ஒருவர் தன் பெயர் முதலில் வரவேண்டும் என்றார். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் அளவுகோல்படி, ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பது, இந்த நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். பதவி அந்த நான்கில் இல்லை. தொடக்கத்திலேயே யார் என்ன செய்வது, எந்த வரிசை என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை, ஆறு மாதம் சண்டையில் போனது.

பதில் 3: வன்னி வைத்தியர்

வணக்கம் டொக்டர். நான் இலங்கையில், வட மாகாணத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். நீங்கள் கண்ணாடி விரியன் என்று சொல்வதை எங்கட சனம் புடையன் என்று சொல்லும். நாங்கள் போடுற விஷமுறி மருந்தும் உங்கட நாட்டிலயிருந்துதான் வருது, ஆனபடியால் உங்கட கேள்வி எங்கட கேள்வியும்தான்.

உங்கட குழாய் பொய்யாக ‘உறையவில்லை’ என்று காட்டியிருக்கு. இதே சோதனை மற்றப் பக்கமும் பொய் சொல்லும் என்பதை நீங்கள் கவனத்தில் எடுக்கவேணும். இலங்கையில் புடையன் கடித்த ஆட்களில் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், உறைவுக் கோளாறு உண்மையாகவே இருந்த நூறு பேரில் ஏறத்தாழ 40 பேரைத்தான் இந்தச் சோதனை பிடித்தது. மிச்ச ஆட்களுக்கு ‘உறைந்தது’ என்று வந்தது. அப்படியானால் மருந்து பிந்தும். பிறகு 2017இல் வந்த இன்னோர் ஆய்வில், அளவையும் குழாயையும் ஒழுங்காக வரையறுத்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்தபோது அது 82 ஆகக் கூடியது. சோதனை ஒன்றுதான், செய்யிற கைதான் வித்தியாசம்.  எங்கட வைத்தியசாலைகளிலும் இடத்துக்கு இடம் குழாயும் அளவும் வேறு வேறாகத்தான் இருக்கும்.

இதை ஏன் சொல்லுறன் என்றால், புதுக் குழாய்க்கு மாறினபிறகு ‘உறையவில்லை’ குறைந்தது என்று நீங்கள் எழுதினால், வாசிக்கிற ஆள் உடனே கேட்பார்: குறைந்தது நல்லதுக்கா, அல்லது உண்மையான நோயாளிகளையும் தவறவிட்டீர்களா? அதற்கு உங்களிட்ட ஒரு பதில் இருக்கவேணும். முதலாவது சோதனை உறைந்தது என்று வந்து, ஆறு மணித்தியாலம் கழித்துத் திரும்பச் செய்தபோது உறையாமல் போன ஆட்கள் எத்தனை பேர்? இரண்டு காலத்திலயும் அதை எண்ணிப் பாருங்கோ. நோட்டில் முதல் முடிவை மட்டும் எழுதியிருந்தால் தாதிமாரின் குறிப்பேட்டில் தேடலாம். அவர்கள் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எழுதி வைப்பார்கள்.

பழைய பதிவேட்டு ஆய்வு முடிந்தபிறகு, அனுமதி எடுத்து முன்னோக்கி ஒன்று செய்யுங்கோ. ஒவ்வோர் ஆளிடமும் சோதனைக்கு எடுக்கிற அதே நேரத்தில சிட்ரேட் (ரத்தம் உறையாமல் வைக்கிற) குழாயில ஒரு மாதிரி எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து ஃப்ரீசரில வைத்து, ஐ.என்.ஆர். செய்யக்கூடிய இடத்துக்கு அனுப்பினால் வாத்தியார் ஐயா சொன்ன உரைகல் கிடைக்கும்.

இங்க ஒரு காலத்தில எங்கட குறிப்பேடுகள் எல்லாம் இடப்பெயர்வில அழிஞ்சு போச்சு. எத்தனையோ வருஷத்து நோயாளிகள். உங்கட நோட்டைப் படமெடுத்து இரண்டு இடத்தில வையுங்கோ, இன்றைக்கே.

பதில் 4: லேப் டெக்னீஷியன், 22 வருட சர்வீஸ்

மேடம், டாக்டர்கள் பேசுமிடத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். குழாய் என்று வந்ததால் சொல்கிறேன்.

‘புதுக் கண்ணாடிக் குழாய்’ என்று மட்டும் எழுதினால் போதாது. உள்விட்டம் எவ்வளவு, எவ்வளவு ரத்தம், என்ன கண்ணாடி என்று எழுதுங்கள். நீங்கள் மாறிய பிறகும் ஸ்டாக் தீர்ந்த நாட்களில் யாராவது பிளாஸ்டிக் குழாயில் செய்திருப்பார்கள். பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் சரியாக உறையாது, கண்ணாடிதான் உறைதலைத் தூண்டுவது. நைட்டில் சிவப்பு மூடிக் குழாயை எடுத்துச் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் உறைவதைத் தூண்டும் பொருள் தடவியிருக்கும், அது இன்னொரு குழப்பம். எந்த நாட்களில் ஸ்டாக் இல்லை என்று இண்டென்ட் புத்தகத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

அறையின் சூடும் முக்கியம். ஏ.சி. போட்ட கேஷுவால்டியில் வைத்ததும், வெயில் நேரத்தில் வராண்டாவில் வைத்ததும் ஒன்றல்ல. இருபது நிமிடத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தார்களா, உத்தேசமாகச் சொன்னார்களா என்று சிஸ்டர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ பி.ஜி.க்களின் தீசிஸுக்கு நூற்றுக்கணக்கான சாம்பிள் ஓட்டிக் கொடுத்திருக்கிறேன். நன்றி பகுதியில் என் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்திருக்கிறேன். அந்தப் பணியாளர் அக்காவின் சம்மதத்தைக் கேட்டு அவர் பெயரையும் போடுங்கள் மேடம். எதில் கழுவினார் என்று உண்மையைச் சொன்னதே அவர்தான்.

கேள்வி கேட்டவரின் மறுபதிவு: தாலுகா டியூட்டி டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், இடையில் சும்மா இல்லை.

நோட்டைப் படமெடுத்துவிட்டேன், வன்னி டொக்டர். ஒரு பிரதி பூட்டிய பீரோவில், இன்னொன்று கடவுச்சொல் போட்ட பென்டிரைவில்.

மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சமூக மருத்துவத்தில் ஒரு உதவிப் பேராசிரியரைப் பார்த்தேன். குழாய்க் கதையைச் சொன்னதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். அடுத்த எதிக்ஸ் கூட்டத்துக்கு விண்ணப்பம் வைக்கிறோம். சீஃபிடம் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன், ஜே.டி. அலுவலகத்தில் இருக்கிறது. அனுமதி வரும்வரை ஒரு எண்ணைக்கூடக் கூட்டிப் பார்க்கமாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். கை துறுதுறுக்கிறது, இருந்தாலும்.

நாங்கள் ஆறு பேர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நைட் டியூட்டி சிஸ்டர் ஒருவர் குறிப்பேடுகளிலிருந்து இரண்டாம் சோதனை முடிவுகளை எடுக்கும் பொறுப்பை ஏற்கிறேன் என்றார், அவரும் ஆசிரியர்களில் ஒருவர். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக ஆக்கியதிலிருந்து ஒவ்வொரு கேஸும் படிவத்தில் மேலிடத்துக்குப் போகிறது. அது பெரிய உதவிதான், ஆனால் எந்தக் குழாயில் சோதனை செய்தார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லையே என்று அவர்தான் சொன்னார். கட்டுரையில் அதை எழுதவேண்டும்.

பணியாளர் அக்காவிடம் பெயர் போடலாமா என்று கேட்டேன். முதலில் பயந்தார். நான் தப்பாகக் கழுவினேன் என்று போட்டுவிடுவீர்களா என்றார். இல்லை அக்கா, எங்களுக்குத் தெரியாததை நீங்கள் காட்டிக் கொடுத்தீர்கள் என்று போடுவோம் என்று சொன்னேன். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

நேற்று ஸ்டோருக்குப் போனேன். பார்மசிஸ்ட் சார் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி இண்டென்ட் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். குழாய் மாறியது அக்டோபர் கடைசி என்று நான் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். புத்தகத்தில் அக்டோபர் 9 என்று இருக்கிறது. கண்ணாடிக் குழாய், 100 எண்ணிக்கை, கேஷுவால்டிக்கு. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.